மக்களுக்கு நாம் வைத்துப்போகும் சொத்து

பெற்றோராயினார் யாவருக்கும் உள்ளத்தில் ஓயாது எழும் கவலை ஒன்றுண்டு. நாம் கண்மூடிய பின்னர் நம் பிள்ளைகளின் கதி யாது, அவர்களுக்கென்று எதை வைத்துப்போகிறோம் என்பதே அது. நிலமுடையார் நிலத்தை எண்ணுவர். வீடுடையார் வீட்டை எண்ணுவர். இரண்டும் இல்லாதார் பிள்ளையின் படிப்பொன்றையே சொத்தாக எண்ணி, அதற்காகத் தம் வாயையும் வயிற்றையும் கட்டி வாழ்வர். இவற்றுள் எதனையும் நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக நிலமும் மனையும் மறுக்கப்பட்டிருந்த மக்களாகிய நமக்கு, சொத்து என்னும் சொல்லின் பொருளை ஆழ்ந்து ஆராயும் கடமை ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக உண்டு.

பௌத்த வரலாற்றில் இக்கேள்வியைக் கேட்டவன் ஒரு சிறுவன். பகவான் புத்தர் போதியடைந்த பின் முதன்முறையாகக் கபிலவாஸ்துவுக்கு எழுந்தருளியபோது, யசோதரை தன் மகன் இராகுலனுக்குத் தந்தையைச் சுட்டிக்காட்டி, அவரிடம் சென்று உனக்குரிய சொத்தைக் கேட்டு வாங்கு என்று அனுப்பினாள். சிறுவன் அவர் பின்னே நடந்தான். அவருடைய நிழலே இன்பமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, தன் பங்கைத் தரும்படி வேண்டினான். அரண்மனையை நீத்தவரிடம் பொன் ஏது? முடி ஏது? பகவான் சாரிபுத்தரை அழைத்து, சிறுவனைச் சங்கத்தில் சேர்க்குமாறு பணித்தார். பேரனையும் இழந்த சுத்தோதனர் வருந்தி முறையிட, பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் சேர்க்கலாகாது என்று விதியும் செய்தருளினார்.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டுவது யாதெனில், பகவான் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார் என்பதே. இருப்பதைத்தான் ஒருவன் கொடுக்க இயலும். தனக்கு உரிமையில்லாத நிலத்தை மகனுக்கு எழுதிவைப்பவனின் உயில் நீதிமன்றத்தில் செல்லாது. அவ்வாறே, தன்னிடம் இல்லாத ஒழுக்கத்தை மகனுக்குச் சொல்லிவைப்பவனின் சொல்லும் வாழ்க்கையில் செல்லாது. இதனையே இக்கட்டுரையில் ஆராய எண்ணுகின்றோம்.

சிகாலனின் வணக்கம்

இராஜகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் நாள்தோறும் வைகறையில் நீராடி, ஈர உடையோடும் ஈரக் கூந்தலோடும் நின்று, நான்கு திசைகளையும் மேலையும் கீழையும் கைகூப்பி வணங்கிவந்தான். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று பகவான் வினவியபோது அவன் கூறிய விடை ஒன்றே ஒன்றுதான்: தந்தை இறக்கும் தறுவாயில் இவ்வாறு செய்யச் சொன்னார், ஆதலால் செய்கிறேன்.

அவன் தீயவனல்லன், தந்தையின் சொல்லைத் தட்டாத நல்ல மகன். ஆனால் தந்தையிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது சடங்கு மட்டுமே. அதன் உட்பொருள் கிடைக்கவில்லை. பகவான் அவனை எள்ளவில்லை. அவ்வணக்கத்தைக் கைவிடு என்றும் சொல்லவில்லை. பெற்றோரே கிழக்கு, ஆசிரியரே தெற்கு, மனைவி மக்களே மேற்கு, நண்பரே வடக்கு, பணியாளரே கீழ்த்திசை, துறவோரே மேல்திசை என்று விளக்கி, ஒவ்வொரு திசைக்கும் செய்யவேண்டிய கடமைகளை விரித்துரைத்தார். பெற்றோர் மக்களுக்குச் செய்யவேண்டியவை ஐந்து என்றும் வகுத்தார். தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் பயிற்றுதல், தக்க துணையோடு மணம் முடித்தல், உரிய காலத்தில் சொத்தை ஒப்புவித்தல் என்பன அவை. வரிசையைக் கவனியுங்கள். சொத்து கடைசியில் நிற்கிறது. ஒழுக்கமோ முதலிரண்டு இடங்களைப் பெற்றிருக்கிறது.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கரோடு தம்மத்தைத் தழுவியவர்களும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பண்டிதர் அயோத்திதாசரின் சொற்கேட்டுப் புத்தரைச் சரணடைந்த தமிழ் மக்களும், தாமே ஆராய்ந்து, தாமே தெளிந்து, தம் கால்களால் நடந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும் எதையும் விடவில்லை. எங்கிருந்தும் நடந்து வரவில்லை. கண்விழித்தபோதே சுவரில் புத்தர் படம் இருந்தது, அவ்வளவுதான். அவர்கள் திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் பாலி மொழியில் பிழையறச் சொல்கிறார்கள்; வைசாகப் பௌர்ணமியன்று விளக்கேற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அப்பா சொன்னார் என்பார்கள். நம் இல்லங்களிலும் சிகாலர்கள் வளர்ந்துவருகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவனும் ஆவதில்லை, தாழ்ந்தவனும் ஆவதில்லை என்று முழங்குவது நம் தம்மம். அத்தம்மம், பிறப்பினாலேயே ஒருவன் பௌத்தனாகிவிடுவான் என்று எவ்வாறு ஒப்பும்? நம் பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தாமே நடந்து வந்துதான் சேரவேண்டும். வழி எது என்று அவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? நம்மைப் பார்த்துத்தான்.

பிள்ளை எதைக் கற்கிறது?

குழந்தை காதினால் கற்பதைவிடக் கண்ணினால் கற்பது அதிகம் என்பதை நம் மூதாட்டியர் எவ்வித ஆராய்ச்சியும் இன்றியே அறிந்திருந்தனர். பிற்கால அறிவியலும் அதனை உறுதி செய்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவர் துணைவரும் 72 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். 24 குழந்தைகளின் முன்னிலையில் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையொன்றை அடித்தும் உதைத்தும் வைதும் காட்டினார். வேறு 24 குழந்தைகளின் முன்னிலையில் பெரியவர் அமைதியாக விளையாடினார். எஞ்சிய 24 பேருக்கு யாரும் எதுவும் காட்டவில்லை. பின்னர் பொம்மையிருந்த அறையில் விடப்பட்டபோது, அடித்ததைக் கண்ட குழந்தைகள் ஏனையோரைவிட மிகுதியாக அதை அடித்தனர். பெரியவர் அடித்த முறையிலேயே அடித்தனர். அவர் சொன்ன வசைச் சொற்களையே சொல்லினர். அடி என்று அவர்களுக்கு எவரும் போதிக்கவில்லை.

1970-இல் பிரையன், வால்பெக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனினும் நுட்பமானது. விளையாட்டில் பரிசு பெற்ற ஒருவர் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நல்லது என்று பேசினால் என்ன, கொடுத்தால் என்ன, பேசிவிட்டுக் கொடாமல் இருந்தால் என்ன விளையும் என்று அவர்கள் பார்த்தனர். கொடுப்பதா வேண்டாவா என்பதில் குழந்தைகள் அவருடைய செயலைப் பின்பற்றினர். பிறருக்கு என்ன சொல்வது என்பதில் மட்டும் அவருடைய சொல்லைப் பின்பற்றினர். இதன் பொருள் என்ன? கொடைபற்றிப் பேசிக் கொடாதவரைக் கண்ட பிள்ளை, கொடைபற்றிப் பேசவும் கற்றது, கொடாமலிருக்கவும் கற்றது. நாம் நினைப்பதுபோல் நம் உபதேசம் வீணாவதில்லை. அது நன்றாகவே பதிகிறது. ஆனால் உபதேசம் என்பது ஊருக்குச் சொல்வதற்கு உரியது, செய்வதற்கு உரியதன்று என்னும் பாடத்தோடு சேர்ந்து பதிகிறது.

தம்மபத உரையில் வரும் பதானிக திஸ்ஸ தேரரின் கதையும் இதுவே. பிக்குகள் பலரை அழைத்துக்கொண்டு காட்டுக்குச் சென்ற அவர், இரவு முழுதும் விழித்திருந்து தியானம் செய்யுங்கள் என்று அறிவுறுத்திவிட்டுத் தாம் போய்ப் படுத்துக்கொண்டார். அவர்கள் களைத்துச் சாயும் வேளையில் எழுந்துவந்து அதட்டி எழுப்பினார். மீண்டும் போய் உறங்கினார். பிக்குகளின் மனம் சிதறியது; தியானமும் கைகூடவில்லை. ஒருநாள் அவருடைய அறையை எட்டிப்பார்த்தபோது உண்மை வெளியாயிற்று. முதலில் தன்னை அடக்கிக்கொண்டு பின்னர்ப் பிறரை அடக்குக என்று பகவான் அப்போது உணர்த்தியதாக உரைகாரர் கூறுவர்.

தக்கல ஜாதகம் இன்னும் கூரியது. காசி நாட்டில் மனைவியின் சொல்லுக்கு இணங்கிய ஒருவன், தன் கிழத் தந்தையை வண்டியிலேற்றிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிடக் குழி தோண்டினான். உடன் சென்ற ஏழு வயது மகன், தந்தை இளைப்பாறுகையில் மண்வெட்டியை வாங்கிப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டலானான். யாருக்கு என்று தந்தை வினவ, நீர் மூப்படையும்போது நானும் நம் குல வழக்கத்தின்படி செய்யவேண்டுமன்றோ என்றான் சிறுவன். தந்தை நாணினான், வண்டி வீடு திரும்பியது. அன்பர்களே, நம் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கை மண்வெட்டியோடு நிற்கிறது.

இனி நம் வீடுகளை நோக்குவோம். கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியில், வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று கூறும் தந்தையைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. மேடையில் ஒரு மணி நேரம் சமத்துவம் பேசிவிட்டு வந்து, தெருக்கூட்டும் அம்மையாரை ஒருமையில் விளிப்பவரைப் பிள்ளை பார்க்கிறது. சாதியில்லை என்று சூளுரைத்துவிட்டு, மகளுக்கு மணம் பேசும்போது மாப்பிள்ளை எந்த உட்பிரிவு என்று தாழ்ந்த குரலில் வினவுபவரின் சொல்லும் அதன் காதில் விழுகிறது. தாய் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பதையும், அண்ணன் அமர்ந்திருக்கத் தங்கை மட்டும் பாத்திரம் துலக்குவதையும் நாள்தோறும் காணும் பெண், தம்மத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்னும் பாடத்தை எங்ஙனம் நம்புவாள்?

குறையுள்ளவன் அறிவுரை கூறலாமா?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். எங்களிடம் குறைகள் உள்ளன. அவை நீங்கும்வரை பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லக்கூடாதா? குடிப்பவன் குடி தீது என்று சொன்னால் அச்சொல் பொய்யாகிவிடுமா? என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வியே இது; தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

சொல்லின் உண்மை சொல்பவனைச் சார்ந்ததன்று என்பது மெய்யே. குடிப்பவன் சொன்னாலும் குடி தீதுதான். ஆனால் பிள்ளை தருக்க நூல் பயிலவில்லை, மனிதரைப் பயில்கிறது. குடி தீது என்ற சொல்லையும், தீதென்று அறிந்தும் விடமுடியாது என்ற செயலையும் அது சேர்த்தே கற்கிறது. இரண்டாவது பாடம் முதலாவதைத் தின்றுவிடுகிறது. ஆதலின் அறிவுரையை நிறுத்திவிடலாமோ எனின், அதுவும் ஆகாது. தீமையினின்று விலக்குதல் பெற்றோரின் முதற்கடமை என்று மேலே கண்டோம். குறையைச் சாக்கிட்டுக் கடமையைத் துறப்பது மற்றொரு குறையாகும்.

இதற்கு வழியை இராகுலனுக்கு அருளிய உபதேசத்திலேயே காண்கிறோம். மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள அது, அம்பலட்டிகை என்னுமிடத்தில் கூறப்பட்டது. மாலையில் வந்த பகவானுக்கு இராகுலன் இருக்கையிட்டுக் கால்கழுவ நீர் வைத்தான். கால்கழுவியபின் கலத்தில் சிறிது நீரை எஞ்சவிட்டு, அறிந்தே பொய்சொல்ல நாணாதவரின் துறவு இத்துணைச் சிறிது என்று காட்டினார். அந்நீரையும் கொட்டினார், கலத்தைக் கவிழ்த்தார், வெறுங்கலமாக நிமிர்த்தினார், ஒவ்வொன்றாலும் அதே உண்மையை விளக்கினார். விளையாட்டுக்கும் பொய்சொல்லேன் என்று பயிலுமாறு பணித்தார். பின்னர், கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று வினவி, முகத்தைப் பார்ப்பதுபோல் செயலைப் பார்க்கக் கற்பித்தார். செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின்னும் பார். தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பம் தருவதாயின், செய்யுமுன்னாயின் செய்யாதே, செய்யும்போதாயின் நிறுத்து, செய்துவிட்டாயாயின் ஆசானிடத்தோ அறிவுடைய தோழரிடத்தோ வெளிப்படுத்தி, இனிச் செய்யாவண்ணம் அடங்கு.

மூன்றாம் நிலையை ஊன்றி நோக்குக. தவறே நேராது என்று பகவான் கருதியிருந்தால் அந்நிலைக்குத் தேவையே இராது. தவறு நேரும்; நேர்ந்தபின் மனிதன் என்ன செய்யவேண்டும் என்பதும் அறத்தின் பகுதியே. ஆகவே, பெற்றோர் பிள்ளைக்குக் காட்டவேண்டிய முன்மாதிரி குற்றமே இல்லாத வாழ்வன்று. அது யாராலும் ஆகாது. குற்றம் நேர்ந்தபோது அதை மறைக்காமல், பழியைப் பிறர்மேல் ஏற்றாமல், ஒப்புக்கொண்டு திருந்தும் வாழ்வே அம்முன்மாதிரி. குற்றமற்றவன் என்ற முகமூடியை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை, நாளைத் தான் தவறும்போது என்ன செய்யும்? அதுவும் முகமூடி தேடும். தந்தை ஒரு நாள் கடுஞ்சொல் சொல்லிவிட்டு, மறுநாள், நான் சொன்னது தவறு என்று மகனிடம் கூறுவாராயின், மகனின் கண்ணில் அவர் தாழ்ந்துவிடுவதில்லை. தவறியவன் எழுந்து நிற்கும் வழி இதுவென்று மகன் கற்றுக்கொள்கிறான்.

நம் மணிமேகலைக் காப்பியத்தின் மாதவி இதற்கு நற்சான்று. அவள் ஆடல் மகளாய் வாழ்ந்தவள். கோவலன் மாண்டதறிந்து அவ்வாழ்வைத் துறந்து, அறவண அடிகளிடம் நால்வகை வாய்மையும் ஐவகைச் சீலமும் கேட்டுத் தெளிந்தாள். இந்திரவிழாவில் ஆடவருமாறு தன் தாய் சித்திராபதி சொல்லியனுப்பியபோதும் அசையவில்லை. தன் மகளையும் அத்தொழிலுக்கு விடேன் என்று உறுதி கூறினாள். மகளுக்கு வழிகாட்டுமுன் தான் திரும்பி நடந்தவள் அவள். மணிமேகலை பின்னர் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள் எனின், அதன் வித்து திரும்பி நடந்த அத்தாயின் அடிச்சுவட்டிலேயே கிடந்தது.

அச்சத்தினால் மறைப்பது

நம்மவர் வாழ்வில் மட்டும் எழும் கொடிய கேள்வி ஒன்றுண்டு. வேற்றூரில் வாடகைக்கு வீடு தேடுகிறான் ஒரு தந்தை. வீட்டுக்காரர் பெயரைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், தெருவைக் கேட்கிறார், அவர் உண்மையில் கேட்பது எது என்பது இருவருக்கும் தெரியும். உண்மை சொன்னால் வீடு இல்லை. பக்கத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்திய இரவு அவளுக்குப் பொய் சொல்லலாகாது என்னும் சீலத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே. இப்போது அவன் என்ன செய்வது?

டாக்டர் அம்பேத்கரே இந்நிலையில் நின்றவர். 1917-இல் பரோடா அரசில் பணிபுரியச் சென்றபோது தங்க இடங்கிடையாமல், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நாள் முழுதும் தங்குமிடம் தேடியும் கிடைக்கவில்லை. உலகப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த ஒருவருக்கு நேர்ந்தது இது. அவரைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு? ஆனால் அவர் செய்த மற்றொன்றையும் காண்க. வேற்றுப் பெயரில் தங்கியதை மறைக்காமல், நடந்ததை நடந்தவாறே பிற்காலத்தில் தம் கையால் எழுதிவைத்தார். அதனால்தான் குற்றம் எங்கே இருந்தது என்பது இன்று உலகிற்குத் தெரிகிறது.

ஆதலின் நாம் கூறுவது இது. கொடுமைக்கு அஞ்சி ஒருவன் வாய்மூடி நிற்பதும், ஆதாயத்துக்காகப் பொய்யுரைப்பதும் ஒன்றல்ல. முன்னதன் பழியிற் பெரும்பகுதி அச்சுறுத்தியவனையே சாரும். ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. தந்தை தன் பெயரை விழுங்குவதைக் கண்ட மகள், நம் பெயரிலேயே ஏதோ இழிவு இருக்கிறது போலும் என்று எண்ணிவிடுவாள். பொய்யைவிடக் கொடியது அந்த எண்ணம். தலைமுறைதோறும் நம்மை அழுத்தியது அதுவேயன்றோ? ஆகையால், வீடு திரும்பியதும் அவளை அருகில் அமர்த்தி, இன்று நடந்தது என்ன, ஏன் நடந்தது, வெட்கப்படவேண்டியவர் யார் என்பதை அந்தத் தந்தை அவளுக்குச் சொல்லவேண்டும். கூடுமானால் மறுமுறை உண்மையைச் சொல்லி, மறுக்கப்பட்டு, தலைநிமிர்ந்து அவளோடு நடந்து வரவேண்டும். வீடு கிடையாமற் போகலாம். மகளுக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும். இதனைப் பிறர்மேல் கட்டளையாகச் சுமத்த நாம் துணியோம். மழையில் நனைபவனுக்குக் குடைக்குள் நிற்பவன் அறம் கூறலாகாது. ஆயினும், பிள்ளையிடமிருந்தேனும் மறைக்காதீர் என்று வேண்டிக்கொள்வோம்.

நல்ல தந்தைக்குத் தீய மகன்

மற்றொரு தடையும் உண்டு. நல்லவர் வீட்டில் தீயவர் பிறப்பதைக் காண்கிறோமே. பிறகு முன்மாதிரியால் பயன் என்ன என்பர். பிம்பிசார மன்னர் பகவானின் சிறந்த உபாசகர். அவர் மகன் அஜாதசத்து தந்தையைச் சிறையிட்டுப் பட்டினியால் வருத்திக் கொன்றான். இதனினும் பெரிய தோல்வி எந்தத் தந்தைக்கு நேரும்?

தம்மம் இங்கே பொய்யான ஆறுதல் கூறுவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வினைக்கு உரியவர். தந்தையின் நன்மை மகனை வலிந்து நல்லவனாக்காது. ஆக்குமாயின் அது நன்மையாகாமல் விலங்காகிவிடும். நாம் நன்கு ஒழுகுவது பிள்ளையை விலைக்கு வாங்குவதற்காக அன்று. அனாதபிண்டிகர் தம் மகன் காளனை விகாரத்துக்குப் போய்வரச் செய்யப் பணம் கொடுக்கவேண்டியிருந்தது என்று உரைநூல் கூறும். பணம் அவனை வாயில்வரை கொண்டுவந்தது, அதற்கப்பால் கொண்டுசெல்லவில்லை. தம்மத்தைச் செவிமடுத்துத் தெளிந்தபின் அவனே அப்பணத்தைத் தொட நாணினான்.

அஜாதசத்துவின் கதையும் கொலையோடு முடியவில்லை. தந்தை இறந்த அன்றே அவனுக்கு மகன் பிறந்தான் என்பர். தன் குழந்தைமீது பொங்கிய அன்பைக் கண்டு திகைத்து, என் தந்தைக்கும் என்மேல் இத்தகைய அன்பு இருந்ததா என்று தாயைக் கேட்டான். நீ சிறுவனாயிருக்கையில் உன் விரலில் கட்டி வந்து அழுதாய். அரசவையில் வீற்றிருந்த உன் தந்தை அவ்விரலைத் தம் வாயில் வைத்துக்கொண்டார். கட்டி வாய்க்குள்ளேயே உடைந்தது. விரலை எடுத்தால் நீ அழுவாய் என்று சீழையும் விழுங்கினார் என்றாள் தாய். அவன் கதறினான். பின்னாளில் பகவானைத் தேடிச் சென்று சரணடைந்தான். காட்டிய அன்பு காலம் கடந்தேனும் மகனின் நெஞ்சில் எழுந்து நின்றது. பயன் எப்போது விளையும் என்பது நம் கையில் இல்லை; விதைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

நாள்தோறும் செய்யக்கூடியது

நேரமில்லை என்பார் பலர். அதுவும் பொய்யன்று. தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ள பல்லாயிரவர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். புறப்படும்போதும் பிள்ளை உறக்கம்; திரும்பும்போதும் உறக்கம். மும்பையிலும் தில்லியிலும் உள்ள நம்மவர் நிலையும் இதுவே.

டாக்டர் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் மும்பையில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். மகன் படிப்பதற்கு இடமில்லை. ஆகவே அவனை முன்னிரவில் உறங்கவைத்துத் தாம் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்கவிட்டுப் பின்னரே தாம் படுப்பார். மகன் கேட்ட நூலை வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்றிருந்த தம் மகளிரிடம் கடன் பெற்றும், அவர்தம் நகையை அடகுவைத்தும் வாங்கித் தந்தார். படி என்று அவர் எத்தனை முறை சொன்னாரோ அறியோம். விழித்திருந்த கண்களே போதுமானவையாயிருந்தன.

எனவே நீண்ட நேரம் தேவையில்லை. கிடைக்கும் அரை மணி நேரம் மெய்யாயிருந்தால் போதும். அந்நேரத்தில் கைப்பேசியைத் தள்ளிவைத்துப் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசலாம். உண்ட தட்டைத் தந்தையே கழுவலாம்; மகனும் கழுவுவான். சீலம் சொல்லும்போது, இன்று இவற்றுள் எது எனக்குக் கடினமாயிருந்தது என்று முதலில் பெரியவர் சொல்லிப் பின்னர்ப் பிள்ளையைக் கேட்கலாம். ஐந்தாம் சீலத்தைப் பொறுத்தவரையில் ஒன்றே சொல்வோம். மதுக்கடையிலிருந்து வரும் தந்தையின் மணத்தைப் பிள்ளை ஒருபோதும் மறப்பதில்லை. அவ்வழக்கத்தை விட்ட தந்தையையும் ஒருபோதும் மறப்பதில்லை. பிள்ளை ஏன் என்று கேட்கும்போது வாயை மூடு என்னாது, தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததைச் சேர்ந்து தேடுவோம். ஆராய்ந்து ஏற்கச் சொன்ன ஆசானின் வீட்டில் கேள்விக்குத் தடை இருத்தல் தகாது.

உபாசக உபாசிகைகளே! நம் முன்னோர் நமக்கு நிலம் வைத்துப்போகவில்லை. ஆயினும் கைகட்டி நின்ற நிலையை உதறித் தலைநிமிர்ந்து நடந்த ஒரு நடையை வைத்துப்போனார்கள். அந்நடையைக் கண்டதனால்தான் நாம் இன்று நடக்கிறோம். நம் பின்னே இராகுலர்கள் தம் பங்கைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நம் நிழல் அவர்களுக்கு இன்பமாயிருக்குமாறு நடப்போமாக.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!